கேட்டோ தேடிய பெயர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? நான் உடனே எழுதாமல் போனதற்குக் காரணம் ஒரு நாடகம். வில்லியம் வெல்ஸ் பிரவுன் எழுதிய ‘தி எஸ்கேப்’, 1858-இல் பாஸ்டனில் அச்சானது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அச்சில் வந்த முதல் நாடகம் இதுதான் என்கிறார்கள். எழுதியவரே அடிமையாகப் பிறந்து, 1834 ஜனவரி 1 அன்று சின்சினாட்டியில் நின்ற நீராவிப் படகிலிருந்து இறங்கித் தப்பியவர்.

க்ளென், மெலிண்டா என்று ஒரு அடிமைத் தம்பதி நயாகரா ஆற்றைத் தாண்டிக் கனடாவுக்குப் போவதுதான் கதை. அவர்களுடைய காதல் வசனங்கள் எனக்கு ரொம்பவும் செயற்கையாகப் பட்டன. என்னைப் பிடித்து உட்கார வைத்தவன் நாடகத்தில் வரும் இன்னொரு அடிமையான கேட்டோ. எசமான் முன்னால் அசடு மாதிரிக் குழைகிறவன், ஓடிப்போனவர்களைப் பிடிக்க எசமானோடு போன இடத்தில் அவரது உடையையே மாட்டிக்கொண்டு தானும் ஓடிவிடுகிறான். அப்புறம் தனக்குப் புதுப் பெயர் தேடுகிறான். வாஷிங்டன், நெப்போலியன், சீசர் என்று பெரிய ஆட்களின் பெயர்களையெல்லாம் ஒன்றாகக் கோத்துக்கொள்கிறான். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் பிரவுன் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எசமானின் உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த வீட்டில் தங்க வந்தான், அவன் பெயரும் வில்லியம். அதனால் அடிமைப் பையனான பிரவுனின் பெயரை சாண்ட்ஃபோர்டு என்று மாற்றிவிட்டார்கள். தன் பெயர் வில்லியம்தான் என்று சொன்னதற்காகச் சவுக்கடி வாங்கியிருக்கிறார். தப்பி வந்தபோது, குளிரில் விறைத்துக் கிடந்தவரைக் காப்பாற்றிய குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) ஒருவர் வெல்ஸ் பிரவுன் என்ற தன் பெயரையே அவருக்குக் கொடுக்கிறார். சரி, என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் வில்லியத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார் இவர். திரும்பிப் போய் கேட்டோவின் காட்சியைப் படித்தேன், சிரிப்பு வரவில்லை.

இந்த நாடகத்தை அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பிரவுன் தனி ஆளாக எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து வாசித்திருக்கிறார். சவுக்கால் அடிக்கச் சொல்லும் எசமானியின் வசனத்தை, அந்தச் சவுக்கை வாங்கிய ஒருவரே நூறு பேர் முன்னால் பேசுவதை நினைத்துப் பார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய 1850-இன் சட்டப்படி, அடிமை முறை இல்லாத வட மாநிலத்தில் இருந்தாலும் அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம். 1854-இல் இங்கிலாந்து நண்பர்கள் பணம் கொடுத்து மீட்டபிறகுதான் அந்தப் பயம் தீர்ந்தது.

தொண்டை சரியானதும் அந்தப் பெயர் தேடும் காட்சியை மட்டும் வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பு. உன் குரலில் கேட்டோ எப்படி வருகிறான் என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்