ஸ்பாட்டுலாவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

பனிச்சறுக்குப் பலகைகள் பற்றி ஞாயிறன்று நீங்கள் போட்ட கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் புதுப்பனிக்கான அகலப் பலகைகளுக்கு இரண்டே வரி ஒதுக்கி, அவற்றில் முக்கியமான ஸ்பாட்டுலா பலகையைச் சொல்லாமல் விட்டது கொஞ்சமும் சரியில்லை.

1980களின் கடைசியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர், இரண்டு காலுக்கும் ஒரே பலகையான ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்ததில் பிறந்தது பவுடர் பிளஸ் என்ற அகலப் பலகை. அதுவரை ஆழமான பனியில் இறங்க நல்ல தேர்ச்சி வேண்டும், இது வந்தபின் சுமாராகச் சறுக்குகிறவர்களும் துணிந்து இறங்கினார்கள்.

அப்புறம் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி. என் ஓட்டு இவருக்குத்தான். தண்ணீரில் சறுக்கும் பலகையில் பூட்ஸ் மாட்ட வழிசெய்து அலாஸ்கா மலையில் இறங்கிய ஆள்! அவர் யோசனையில் 2000களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பாட்டுலா எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. மற்றப் பலகைகளுக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கும், இதற்கோ நடுப்பகுதிதான் அகலம், 125 மி.மீ.; முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் முனை பனிக்குள் புதையாது, பின்னால் சாய்ந்து தொடை எரிய நிற்கவும் வேண்டாம், நினைத்த இடத்தில் பக்கவாட்டில் வழுக்கி வேகத்தைக் குறைக்கலாம். கெட்டிப்பனியில் அதை ஓட்டுவது தண்டனைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குறையைச் சரிசெய்தவை ராசிக்னால் எஸ்7 மாதிரியான பலகைகள்: முனையில் மேல்வளைவு, காலடியில், நடுப்பகுதி மேலே உயர்ந்து நிற்கும் பழைய வில்வளைவு. இன்று சாதாரணப் பலகைகளிலும் அந்த முனைவளைவு இருக்கிறது. 2009-ல் இத்தாலிய மலையில் இறந்துபோன மெக்கான்கியின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லையே, ஏன்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்