அழிவுக்கென்றே வனைந்த பானையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகக் கேள்வி-பதில் பகுதியில், 'கிறிஸ்தவத்திலும் தலையெழுத்து உண்டு. நரகத்துக்குப் போகிறவர்களைக் கடவுள் முன்கூட்டியே குறித்துவிடுகிறார்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அது ஒரு பிரிவாரின் கொள்கை. அவர்களும் இவ்வளவு மொட்டையாகச் சொல்வதில்லை.

அந்தப் பிரிவு, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழி வந்த சீர்திருத்த சபைகள். சிலருக்கு நித்திய வாழ்வும் சிலருக்கு நித்திய ஆக்கினையும் முன்னமே நியமிக்கப்பட்டிருப்பதாக, 1559-இல் முழு வடிவம் பெற்ற தம் நூலில் கால்வின் எழுதினார். இது நடுங்கவைக்கும் தீர்மானம் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய அந்தச் சபைகளின் சங்கம் இந்தக் கொள்கையை வரையறுத்தது. ஆனால், தேவன் தெரிந்துகொண்டதால் (அதாவது தேர்ந்தெடுத்ததால்) விசுவாசம் பிறப்பதுபோல, அவர் தள்ளியதால்தான் அவிசுவாசம் பிறக்கிறது என்று சொல்வதை அதே சங்கம் மறுத்தது. பாவத்தில் கிடப்பவர்களில் சிலரைத் தூக்கிவிடுகிறார், மற்றவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிடுகிறார் என்பதுதான் அவர்கள் கணக்கு. விடப்பட்டவனுக்கு இதில் என்ன ஆறுதல் என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

தலையெழுத்து என்ற சொல்லும் பொருந்தவில்லை. நம் பக்கத்துச் சைவர்கள் சொல்லும் வினை, உயிர் தானே செய்து சேர்த்தது. கால்வின் சொல்வதோ செய்கையைப் பார்த்து எடுக்காத தீர்மானம். இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாது.

மற்ற சபைகள் என்ன சொல்கின்றன? கடவுளின் வல்லமையால் சிலர் தீமைக்கு முன்குறிக்கப்பட்டார்கள் என்பவர்களை 529-இலேயே, இன்றைய பிரான்சில் உள்ள ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் சபித்தது. இதே போதனைக்காக 849-இல் கோட்ஷால்க் என்ற துறவியைச் சாட்டையால் அடித்துச் சிறைவைத்தார்கள். (அடித்தது எந்த நியாயத்தில் என்பது வேறு வழக்கு.) கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547-இல் மறுபடி கண்டித்தது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1037-ஆம் பத்தி, கடவுள் யாரையும் நரகத்துக்கு முன்குறிப்பதில்லை என்று நேரடியாகவே சொல்கிறது. லுத்தரன் சபையார் 1577-இல் வகுத்த அறிக்கையின்படி, தெரிந்துகொள்ளுதல் மீட்புக்கு மட்டுமே. ஆங்கிலிக்கன் சபையின் 17-ஆம் விதியும் வாழ்வுக்கான முன்குறிப்பை மட்டுமே பேசுகிறது. ஜான் வெஸ்லி வழி வந்த மெதடிஸ்டுகள் அவர் காலத்திலிருந்தே கால்வினுக்கு எதிர்க்கட்சி. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். காரைக்குடியில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தாரிடம் போய் 'உங்கள் மதம் இப்படித்தானே' என்றால் விழிப்பார்கள்.

சிக்கலின் வேர், விவிலியத்தில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9-ஆம் அதிகாரம். குயவன் ஒரே களிமண்ணில் ஒரு பாத்திரத்தைக் கனத்துக்கும் இன்னொன்றைக் கனவீனத்துக்கும் செய்யலாகாதா என்று அங்கே பவுல் கேட்கிறார். அந்த உவமையைப் புரிந்துகொள்ள மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சக்கரத்தில் பானை கோணிப்போனால் குயவர் அதைத் தூக்கி எறிவதில்லை. அழுத்தி உருண்டையாக்கி மறுபடி வனைகிறார். காய்ந்த பச்சைப் பானையைக்கூட ஊறவைத்துக் குழைத்துவிடலாம். சூளையில் வெந்த பிறகுதான் பானையை மறுபடி களிமண்ணாக்க முடியாது. தீர்க்கதரிசி எரேமியா தம் நூலில் இரண்டையும் தனித்தனியே காட்டுகிறார். 18-ஆம் அதிகாரத்தில் பாண்டம் கையிலேயே கெட்டுப்போக, குயவன் அதைத் திரும்ப 'வேறே பாண்டமாக வனைந்தான்'. ஒரு ஜாதி (அதாவது ஒரு நாட்டு மக்கள்) மனந்திரும்பினால் தீர்ப்பும் மாறும் என்ற வாக்கு அதை ஒட்டியே வருகிறது. 19-ஆம் அதிகாரத்தில் உடைபடுவது வெந்த கலயம். பவுலின் குயவனைப் படிக்கும்போது பலர் 19-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள்.

ரோமர் 9-இன் 22, 23-ஆம் வசனங்களை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். கோபாக்கினைப் பாத்திரங்கள் 'அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட'வை, அதாவது ஆயத்தமாக்கப்பட்டவை. ஆக்கியவர் யார் என்று சொல்லவில்லை. கிருபாபாத்திரங்களோ 'தாம் மகிமைக்காக எத்தனமாக்கின'வை; இங்கே ஆக்கியவர் தேவன் என்பது வெளிப்படை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் 'எத்தனம்' என்றே போட்டிருப்பதால் வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது. கிரேக்கத்தில் வினைச்சொல்லே வேறு. 'முன்னதாக' என்ற பொருள்தரும் முன்னொட்டு இரண்டாவதில் மட்டும்தான் உண்டு. மத்தேயு 25-லும் இதே சாய்வு: ராஜ்யம் 'உங்களுக்காக' ஆயத்தமானது, அக்கினியோ பிசாசுக்கும் அவன் தூதர்களுக்கும் ஆயத்தமானது.

ரோமர் 9-இல் வரும் 'ஏசாவை வெறுத்தேன்' என்ற வரி (ஏசா, யாக்கோபின் அண்ணன்) தீர்க்கதரிசி மல்கியாவின் நூலிலிருந்து எடுத்தது. அங்கே பேச்சு ஏசாவின் வழிவந்த ஏதோம் நாட்டைப் பற்றி. அதே அதிகாரத்தில் வரும் எகிப்து மன்னன் பார்வோன் விஷயத்தில், பத்து வாதைகளில் தவளை வாதை நீங்கியதும் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான். கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற சொல் கொப்புள வாதையில், ஆறாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்பே யாத்திராகமம் 4:21-இல் கர்த்தர் அதை அறிவித்துவிட்டார் என்று கால்வின் தரப்பார் காட்டுவார்கள். இடறுகிறவர்கள் அதற்கென்றே நியமிக்கப்பட்டதாகச் சொல்லும் 1 பேதுரு 2:8-ஐயும் நீட்டுவார்கள். இரண்டும் லேசில் தள்ளிவிடக்கூடிய வசனங்கள் அல்ல. ஆனாலும் ரோமர் 9-இல் தொடங்கிய வாதம் 11:32-இல், எல்லார்மேலும் இரங்குவதற்காக என்றுதான் முடிகிறது. நடுவில் நிறுத்திப் படிப்பதால் வரும் கோளாறுதான் பெரும்பாலும்.

கேள்வி கேட்டவர், பிறந்த சில நாளில் இறந்த குழந்தையைப் பற்றியும் கேட்டிருந்தார்; அதற்குப் பதிலே இல்லை. விசுவாசிகளின் சிறு குழந்தைகள் இறந்தால் அவர்களின் மீட்பைப் பெற்றோர் சந்தேகிக்க வேண்டாம் என்று அந்த டார்ட் சங்கமே முதல் அதிகாரம் 17-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்பது கத்தோலிக்க மறைக்கல்வியின் 1261-ஆம் பத்தி. அடுத்த வாரம் இதையாவது அவருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை