நமது இணையவழிப் படிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கம்போல சுவயம், என்பிடெல் எனும் அரசு இணையவழிப் பாடங்களை அவரவர் வீட்டில் கேட்டோம். சந்தேகங்களை வாட்ஸ்அப் குழுவிலும் ஞாயிறு கூட்டத்திலும் பேசினோம். துபாயிலிருக்கும் கீழக்கரைக்காரர்களுக்காகக் கூட்டம் இரவு ஒன்பதரைக்கு மாறியது. அங்கே அப்போது எட்டு மணி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல கூட்டம். படகு இறங்கியதும் குறைந்துவிட்டது.

இந்த ஆண்டு பெரும் விவாதம், வாயே திறக்காதவர்களைக் குழுவில் வைத்திருப்பதா நீக்குவதா என்பதுதான். "சும்மா பாக்குறவங்களுக்கு எதுக்கு இடம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதியதை நான் எடுத்துச் சொன்னேன். லைபீரியாவில் தையல் பழக வந்த பையன்கள் முதலில் பொத்தான் தைத்தார்கள், ஓரம் மடித்துத் தைத்தார்கள். துணி வெட்டும் வேலை பிறகுதான் வந்தது. ஓரத்தில் நின்று பார்ப்பவரும் தொழிலுக்குள்தான் இருக்கிறார் என்பது அவர்கள் கருத்து. ஆனால் செயற்குழுவை மாற்றியது இதுவல்ல.

பாம்பன் பக்கத்து உறுப்பினர் ஒருவர் மகனுடைய போனில் இருந்தார். மகன் பெயர், மகன் படம். எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிட்டோம், அவரும் மறுக்கவில்லை. அகர் எனும் கூழ்ப்பொருள் தரும் கடற்பாசிகள் பற்றிய பாடத்தில் ஜெலிடியெல்லாவுக்கும் கிராசிலேரியாவுக்கும் படம் பார்த்து வித்தியாசம் தெரியாமல் குழு திணறியபோது ஒரு குரல்பதிவு வந்தது. பெண் குரல். முதலாவது மரிக்கொழுந்துப் பாசி, மற்றது கஞ்சிப்பாசி என்றார். பாறையில் பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொள்வதையும் சொன்னார். கல்லூரி படித்தவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். அன்றிலிருந்து அவர் 'அக்கா'. நீக்க வேண்டியவர்கள் பட்டியலில் அந்த 'தம்பி'யின் பெயரும் இருந்தது!

ஆகவே யாரையும் நீக்கவில்லை. ஒரே போனை இருவர் வைத்திருந்தால் இருவர் பெயரும் பட்டியலில் ஏறும். கேமரா போடாதவருக்கும் வருகை உண்டு. ஒரே அறையில் குடும்பமே படுத்திருக்கும் வீட்டில் கேமராவைப் போடு என்று அதட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேள்வி கேட்பவருக்கு அன்றைக்கே ஒருவராவது பதில் போட வேண்டும் என்றும் முடிவானது. இதில் இன்னும் சுணக்கம் இருக்கிறது.

சான்றிதழ்த் தேர்வுக்குப் போனவர்கள் குறைவு. கட்டணமும் மதுரைப் பயணமும் காரணம் என்கிறார்கள். அப்புறம் பேசலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் பட்டியலில் பெயர், ஊர் திருத்த வேண்டியவர்கள் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் எழுதித் தரவும். அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்