முன்பணம் வரவில்லை

அன்புள்ள தோழிக்கு,

ஏழு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. உன் புதுக் கண்ணாடியைப் படத்தில் பார்த்தேன். அப்படியே நம் கணக்கு டீச்சர்! இனி உன்னிடம் கடன் கேட்கவே பயமாக இருக்கும்.

இன்று எழுத வைத்தது ஒரு விண்ணப்பம். போன வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கோப்புகளை முடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண், தகுதிப் பட்டியலில் முதல் பத்துக்குள் இருக்கிறாள். அவள் பெயருக்கு நேரே ‘முன்பணம் வரவில்லை, இடம் ரத்து’ என்று என் கையால் எழுத வேண்டியிருந்தது. தவணையில் கட்ட அனுமதி கேட்டு அவள் எழுதிய மூன்று கடிதங்களும் அதே கோப்பில்தான் இருந்தன. மூன்றுக்கும் விதி எண்ணைக் காட்டி ஒரே பதில். மூன்றாவது கடிதத்தில் ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்டுக் கட்டம் கட்டி அனுப்பியிருந்தாள்.

அன்று மாலை நிதிக்குழுக் கூட்டம். உலகெங்குமிருந்து மாணவர்களை ஈர்ப்பது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பேச்சு முழுவதும் அந்த மாணவர்கள் கட்டும் பணத்தைக் கொண்டு எந்தப் பற்றாக்குறையை அடைப்பது என்பதுதான்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவள் நான். ஆனால் அந்த ஒரு வருமானத்தையே நம்பினால் என்ன ஆகும்? 2020இல் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது; பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2024இல் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்ததும் அங்கே பல கல்லூரிகள் பாடப்பிரிவுகளையே நிறுத்தின. சுவீடன் 2011இலும் நார்வே 2023இலும் கட்டணம் விதித்தபோது, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் செய்ததை நினைத்துப் பார். 2014இல் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை இணையவழியில் தொடங்கினார்கள். முழுப் பட்டத்துக்கும் ஏழாயிரம் டாலருக்கும் குறைவு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வேலையை விட்டு வகுப்பறைக்கு வர முடியாதவர்கள், அதனால் வளாகப் படிப்பின் வருமானத்தில் கை வைக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினாலும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. இது புதுமையும் அல்ல. நேரில் வந்து படிக்காதவர்களுக்கும் லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே தேர்வைத் திறந்துவிட்டது.

குழுவிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கை, எந்தத் துறையும் தொட முடியாதபடி, உதவித்தொகைக்கும் தவணைக்கும் ஒதுக்க வேண்டும். முதலாண்டுப் பாடங்களை ஊரிலிருந்தே குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு வர வழி வேண்டும். ‘பார்க்கலாம்’ என்றார்கள்.

பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. வியாழக்கிழமை கோப்பு மூடப்படுகிறது. நீ வேலை செய்யும் இடத்தில் கொண்டுவந்த தவணை ஒப்பந்தப் படிவத்தை இன்றே அனுப்பு. ஏற்கெனவே ஓரிடத்தில் நடப்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி