அடிமண்ணையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

பழமையான கட்டடங்களை நிலநடுக்கத்திலிருந்து காப்பது பற்றிப் பேசும்போது சுவர் விரிசலோடு நின்றுவிடுகிறோம். கீழே இருக்கும் மண்ணை யார் பார்ப்பது? 1985இல் மெக்சிகோ நகரம் நொறுங்கியபோது நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்தான் அதிர்வைப் பல மடங்கு பெருக்கியது. மண்ணின் அதிர்வெண்ணும் (நொடிக்கு இயல்பாக எத்தனை முறை அதிரும் என்ற கணக்கு) கட்டடத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

சரி, தொன்மையான இடத்தில் ஆழமாகத் துளையிட முடியுமா? முதல் கட்டத்துக்கு அது தேவையே இல்லை. தரையில் எப்போதும் இருக்கும் நுண்ணதிர்வுகளைக் கருவி வைத்துப் பதிவுசெய்தாலே மண்ணின் போக்கு ஓரளவு தெரிந்துவிடும். அதே கருவியைக் கட்டடத்துக்குள்ளும் வைத்து ஒப்பிடலாம். சுவரைக் கெட்டிப்படுத்தினால் கட்டடத்தின் அதிர்வெண் மாறும்; அது மண்ணின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போய்விடவும் கூடும். ஆகவே மண் சோதனைக்குப் பிறகே புனரமைப்புக்கு அனுமதி தர வேண்டும்.

- ஒரு வாசகர்