கூச்சம் பார்க்காமல் இருமிக் காட்டிய அத்தைக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

ஊராருக்கு வணக்கம்.

காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி எடுத்துக் கொடுப்பது எப்படி என்று நம் மகளிர் குழு எடுத்த வீடியோ, இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல ஊர்களில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பேர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டீர்கள். அதனால் நன்றியையாவது நாலு பேர் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லேப் அண்ணனுக்கு. டப்பாவைக் கையில் கொடுத்து, "துப்பிக் கொண்டு வாங்க" என்பதோடு அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. இவர் மூடிய இரண்டு டப்பாக்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒன்றில் நுரைத்த எச்சில், தண்ணீராய். இன்னொன்றில் கெட்டியாக, மஞ்சளாக நெஞ்சுச் சளி. "கிருமி இதுலதான் இருக்கும். வெறும் எச்சிலைக் கொடுத்தா, நோய் இருக்கறவங்களுக்கும் இல்லைன்னு வந்துடலாம்" என்றார். வீடியோவில் அந்த இடத்தைத்தான் எல்லோரும் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அப்புறம் டாக்டரம்மா. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் செய்த ஓர் ஆய்வை அவர்தான் சொன்னார்; 2007-இல் வெளிவந்தது. சளி எடுக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெண்களில் 13 சதவீதம் பேரிடம் கிருமி தெரிந்தது. யாரும் சொல்லித் தராத பெண்களில் 8 சதவீதம்தான். ஆண்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. கேட்டதும் எங்களுக்கு ஆச்சரியமாகவே இல்லை. நடவு வயலில் ஊருக்கே கேட்கக் குலவையிடுகிற நம் பெண்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு ஆம்பளைகள் நின்றால் செருமக்கூட மாட்டார்கள். முந்தானையால் வாயை மூடி எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அதனால்தான் எங்கள் அத்தைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். "நான் செஞ்சு காட்டுறேன், எடுங்கடி" என்று கொல்லைக்கு வந்து நின்றார். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். மூச்சை ஆழ இழுத்து, கொஞ்சம் அடக்கி, வெளியே விட்டார்; மறுபடியும் இழுத்தார். பிறகு ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இருமினார். டப்பாவை உதட்டோரம் வைத்து, வெளியே படாமல் துப்பி, மூடியை இறுகத் திருகினார். முகத்தை மறைத்து எடுக்கவா என்று கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார். காசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்க இன்றும் யோசிக்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே அவர் முகம் காட்டியது பெரிய காரியம்.

படம் எடுக்கும்போது பம்புசெட் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. சம்பாவுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தித் தந்த பெரியப்பாவுக்கும், போனிலேயே எடிட் செய்து கொடுத்த கல்லூரித் தம்பிக்கும் நன்றி.

கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா இப்போது வீடியோவைக் காட்டிய பிறகுதான் டப்பாவைக் கொடுக்கிறார். பெண்கள் தனியாக நின்று இருமிக்கொள்ள, சுகாதார நிலையக் கட்டடத்துக்குப் பின்னால் திறந்த வெளியில் படுதா கட்டிக் கொடுத்த ஊராட்சிக்காரர்களுக்கும் நன்றி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அங்கே போங்கள். ஒரு மாதிரி அங்கேயே எடுப்பார்கள், இன்னொன்று மறுநாள் விடிந்ததும் வீட்டில் எடுத்துத் தர வேண்டும். வீடியோ வேண்டுமென்றால் அக்காவிடமே கேளுங்கள், அனுப்பி வைப்பார்.