சீதாப்பாண்டி ஆடியவருக்கு யாரும் இரங்கியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மாத இதழில் விடுமுறை ஆட்டங்கள் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வந்திருக்கிறது. “கூடி ஆட ஆள் கிடைக்காதவர்களுக்கு, தன்னை ரத்தக்காட்டேரியாக நினைத்துக்கொண்டு தனியே கதை எழுதும் ஆட்டம்கூட வந்துவிட்டது.” இதழ் வந்த அன்று மாலையே எதிர்வீட்டு அம்மா கிண்ணத்தில் சுண்டலோடு வந்தார். நான் இந்த ஆட்டம் ஆடுவது அவருக்குத் தெரியும். “ஏன் டீச்சர் தனியா கஷ்டப்படறீங்க, சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க” என்றார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இரக்கத்தை அவர் கையில் கொடுத்தனுப்பியது உங்கள் பத்திரிகை.

என் பாட்டி பதினோரு பேர் இருந்த வீட்டில் வாழ்ந்தவர். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு ரேழியில் உட்கார்ந்து சீதாப்பாண்டி ஆடுவார். ஒருவரே ஆடுவது அது. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். நடுவில் நாங்கள் பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் உயர்த்துவார், பேசமாட்டார். ஆள் இல்லாமல் ஆடுகிறாள் என்று அவருக்கு ஒருவரும் இரங்கியதில்லை. உங்களுக்குத் தெரியாத செய்தியல்ல இது. பல்லாங்குழி பற்றிப் பொங்கல் மலரில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரைக்கு ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் படமாகப் போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வருடமாகிறது, பதில் இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதைக்கூட உங்கள் கட்டுரை சொல்லவில்லை. ‘தௌசண்ட் இயர் ஓல்ட் வேம்பயர்’. அமெரிக்கரான டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கியது. எண்ணிட்ட குறிப்புகள் கொண்ட புத்தகம் அது. பகடை உருட்டி, போய் நிற்கும் குறிப்பு கேட்பதற்கு ஏற்ப நம் ரத்தக்காட்டேரியின் கதையை எழுதிக்கொண்டே போக வேண்டும். சிறந்த விதிகளுக்காக 2020ஆம் ஆண்டு, கதாபாத்திரமாக ஆடும் ஆட்டங்களுக்கான என்னி விருதுகளில் தங்கப் பரிசு பெற்றது. அந்த விதிகளில் ஒன்றையாவது உங்கள் கட்டுரையாளர் படித்திருக்கலாம். சாகாத ஒருவனுக்கு ஐந்தே நினைவுகள். ஒரு நினைவுக்குள் மூன்று அனுபவங்களுக்குத்தான் இடம். புதிதாக ஒன்று நடந்து, எழுத இடமில்லாமல் போனால், பழைய நினைவு ஒன்றை நம் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட வேண்டும். நாட்குறிப்பு என்று ஒன்று வைத்துக்கொண்டு நான்கு நினைவுகள் வரை அதற்கு மாற்றலாம். ஆனால் நாட்குறிப்பும் தொலையக்கூடியது. தொலைந்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். என் கதாபாத்திரம் ஹங்கேரியில் திஸா ஆற்றங்கரை ஆட்டிடையன். 1241இல் மங்கோலியர் படை வந்தபோது தம்பியை நாணலுக்குள் ஒளித்து வைத்து, “திரும்பி வருகிறேன்” என்று சொல்லிவிட்டு ஓடியவன். அதுதான் நான் எழுதிய முதல் அனுபவம். முந்நூறு வருடம் கழித்து, துருக்கியர் ஆண்ட புடா நகரத்தில் அவன் புதிய மொழி கற்கிறான், புதிய பெயர் வைத்துக்கொள்கிறான். எழுத இடமில்லை. எதை அடிப்பது? பேனாவை வைத்துக்கொண்டு அன்றிரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த நாணல் நினைவை அடித்தேன். இரண்டு நாள் கழித்து ஆட்டம் பழைய உறவு ஒன்றைக் கேட்டது. கதையில் வரும் ஆட்களுக்கென்று எழுதி வைத்த பட்டியலில் தம்பியின் பெயர் அப்படியே இருந்தது. யார் அவன் என்பது என் இடையனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து “அடுத்து உன் முறை” என்று சொல்லிக்கொண்டிருந்தால் இது நடக்குமா?

ரத்தக்காட்டேரி என்றதும் மூடநம்பிக்கை என்று முகம் சுளிப்பதும் உங்கள் இதழில் புதிதல்ல. போன வருடமும் ஒரு துணுக்கில் அப்படித்தான் வந்தது. இந்த ஆட்டத்துக்காகத்தான் நான் ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரேசாவின் காலத்தைத் திரும்பப் படித்தேன். அவர் ஆட்சியிலிருந்த, இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் ரத்தக்காட்டேரி என்று அஞ்சிப் பிணங்களைத் தோண்டி எரித்துக்கொண்டிருந்த சமயம், 1755இல், அவர் தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைக் கேட்டு அந்த வழக்கத்தைத் தடை செய்தார். அழுகாத பிணத்துக்கு இயற்கையான காரணம் உண்டு என்று அந்த மருத்துவர் எழுதினார். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இதை நான் ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. ஆட்டம் சொல்லிக் கொடுத்தது. மூடநம்பிக்கையை வளர்ப்பது எது என்று நீங்களே யோசியுங்கள்.

ஓய்வு பெற்றவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கும் ஒரு முதியவளின் படத்தைப் போடுகிறீர்கள். ஒரே படம், மூன்று முறை பார்த்துவிட்டேன். எங்களில் யாரும் அப்படி நிற்பதில்லை. எங்களுக்கு வேலை இருக்கிறது.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். பத்து முகப் பகடையையும் ஆறு முகப் பகடையையும் உருட்டி “வரும் எண்களைக் கூட்டி” அத்தனை குறிப்புகள் தாண்ட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கூட்டக் கூடாது. பத்து முகத்தில் வருவதிலிருந்து ஆறு முகத்தில் வருவதைக் கழிக்க வேண்டும். ஆறு முகத்தில் பெரிய எண் விழுந்தால் பின்னால் போக வேண்டியிருக்கும், முன்பு நின்ற குறிப்பிலேயே மறுபடி போய் நிற்கவும் நேரும். கட்டுரையை நம்பி யாராவது கூட்டி ஆடினால் ஒரே வாரத்தில் புத்தகம் முடிந்துவிடும். அடுத்த இதழில் “கூட்டி” என்பதைக் “கழித்து” என்று திருத்தி வெளியிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்
(பெயர் வெளியிட வேண்டாம்)